மார்கழியில் பூங்கா பார்த்த கதை

மலாக்காவில் குளிர்காலம் உண்டா என்று யாராவது கேட்டால் மருதமுத்துவிடம் அனுப்பிவையுங்கள். தொண்ணூற்றாறாம் வருஷத்து டிசம்பர் மழையில் செங் வட்டாரத்துக் காகங்களுக்கெல்லாம் இருமல் பிடித்தது என்றும், தன் வீட்டுக் கூரையில் படுத்திருந்த பூனை விறைத்துப்போய், திங்கட்கிழமை திறந்த வாயைப் புதன்கிழமைதான் மூடியது என்றும் அவர் சத்தியம் செய்வார். காகத்துக்கும் பூனைக்கும் சாட்சி இல்லை. ஆனால் அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது உண்மை. கேமரன் மலைக்குப் போனபோது வாங்கி, அந்துருண்டையோடு பெட்டிக்குள் கிடந்த கம்பளிச் சட்டையை அன்னம்மா வெளியே எடுத்துக் கணவருக்கு மாட்டிவிட்டதும் உண்மை.

அன்று அவர்கள் பெண் பார்க்கும் நாள். இல்லை, அப்படிச் சொல்லக்கூடாது. அன்று அவர்கள் பூங்கா பார்க்கும் நாள்.

விஷயம் இதுதான். மருதமுத்துவின் மகள் தேவமலருக்கு வயது முப்பத்தொன்று. செங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. வருஷக் கடைசியில் தொழிற்சாலையை மூடினால்தான் அவளுக்கு நாலு நாள் சேர்ந்தாற்போல் லீவு. மாப்பிள்ளை பாலகிருஷ்ணன் அலோர் காஜாவில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் கட்டடங்களுக்குப் படம் வரைகிறவன். அவனுக்கும் மிச்சமிருந்த லீவை டிசம்பருக்குள் எடுத்தாக வேண்டும். இருவருக்கும் லீவு கூடிவந்த ஒரே வாரம் மார்கழியில் போய் விழுந்தது. மார்கழியில் நல்ல காரியம் பேசுவதா? பாலகிருஷ்ணனின் அம்மா காளியம்மா காதைப் பொத்திக்கொண்டார். அவர் அலோர் காஜா பாசாரில் பூ விற்று மகனைப் படிக்க வைத்தவர். கல்யாண மாலை கட்ட அந்த வட்டாரத்தில் அவரை விட்டால் ஆளில்லை. மார்கழியில் யாரும் கல்யாண மாலை கேட்டு வர மாட்டார்கள் என்பதால்தான் அவருக்குமே அந்த மாதம் கை கொஞ்சம் ஓய்வாக இருந்தது.

சம்பந்தம் பேசிக் கொண்டுவந்த ஜெயா இரண்டு பக்கமும் நடையாய் நடந்தாள். கடைசியில் காளியம்மாவே ஒரு வழி சொல்லி அனுப்பினார். மார்கழியில் பெண் பார்க்க மாட்டோம். ஆனால் மார்கழியில் பூங்கா பார்க்கக்கூடாது என்று எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. மகனுக்குக் கட்டடம் என்றால் உயிர். ஆகவே இரண்டு குடும்பமும் மலாக்கா டவுனில் சும்மா சந்திக்கட்டும், பூங்கா பூங்காவாகப் போய்க் கட்டடம் பார்க்கட்டும். தட்டு கிடையாது, பூ கிடையாது, பழம் கிடையாது. கல்யாணம் என்ற சொல் யார் வாயிலும் வரக்கூடாது. மற்றதைத் தை மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

தேவமலர் உடனே சரி என்றாள். அவள் காப்பித் தட்டோடு வந்து நின்று நின்று, அந்தத் தட்டில் வரைந்திருந்த மயில் தேய்ந்து கோழியாகிவிட்டிருந்தது. தட்டு இல்லை என்றதே அவளுக்குப் பாதிச் சந்தோஷம்.

ஆனால் அவளுக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. அது மாப்பிள்ளைக்கு அல்ல, அப்பாவுக்கு.

மருதமுத்து மெர்லிமாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கை ஓய்வு பெற்றது, கால் ஓய்வு பெற்றது, வாய் மட்டும் இன்னும் இரண்டு ஷிஃப்டு பார்த்தது. முதலில் வந்த மாப்பிள்ளை வீட்டாரிடம், தொழிற்சாலையே தன் மகள் கையில்தான் இருக்கிறது, அவளைக் கேட்காமல் மேனேஜர் விசிறியைக்கூடப் போட மாட்டார் என்று சொன்னார். மாப்பிள்ளையின் சித்தப்பா பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். விசாரித்தார். தேவமலர் நீளமான மேசை வரிசையில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து சில்லு ஒட்டுகிறவள் என்று தெரிந்தது. பொய் சொல்லும் குடும்பம் என்று சொல்லிப் போய்விட்டார்கள். அடுத்து வந்தவர்களிடம் டுரியான் தோப்பு இருக்கிறது என்றார். வீட்டுக்குப் பின்னால் இருந்தது மூன்று மரம். அதில் ஒன்று பிறந்ததிலிருந்து காய்க்காதது. அவர்களும் வரவில்லை. தேவமலர் எதையும் மறைக்கிற ஆள் இல்லை. மறைப்பதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அவள்தான் பொய்க்காரியாக வீட்டுக்குள் நின்றாள்.

முதல் நாள் மாலை, பஞ்சாபி உடைக்கு இஸ்திரி போட்டபடியே அவள் அப்பாவிடம் சொன்னாள்.

"அப்பா, நாளைக்கு நீங்க பேசுங்க. வேணாங்கல. ஆனா உள்ளத மட்டும் பேசுங்க. ஒண்ணு கூட்டிச் சொன்னீங்க, நான் அங்கயே பஸ் ஏறி வந்துடுவேன். அப்புறம் யாரையும் பார்க்க மாட்டேன். இதான் கடைசி."

கோபமாகச் சொல்லியிருந்தால் மருதமுத்து சமாளித்திருப்பார். அவள் துணியிலிருந்து கண்ணை எடுக்காமல், நாளைக்கு மழை வரும் என்று சொல்வதுபோல் சொன்னாள். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

காலையில் சிவப்புக் கட்டடங்கள் இருக்கும் சதுக்கத்தில் சந்தித்தார்கள். மழை தூறலாக இருந்தது. டச்சுக்காரன் காலத்துச் சிவப்பு, மழையில் நனைந்து இன்னும் சிவந்து, வெற்றிலை போட்ட வாய் மாதிரி இருந்தது. மணிக்கூண்டுக்குக் கீழே பாலகிருஷ்ணன் குடையோடு நின்றான். ஒல்லியான உருவம், வயது முப்பத்தாறு இருக்கும். வணக்கம் சொல்லிவிட்டு உடனே தலையைத் தூக்கிக் கூரையின் விளிம்பைப் பார்க்க ஆரம்பித்தான். காளியம்மா கண்ணாடி போட்டிருந்தார். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் ஆரஞ்சுப் பழங்கள் இருப்பது வெளியே தெரிந்தது.

அன்னம்மாவின் கண் பையில் போய் நிற்பதைக் கண்டு காளியம்மா முந்திக்கொண்டார். "வழியில பசிச்சா சாப்பிடறதுக்கு, அக்கா. வேற ஒண்ணுக்கும் இல்ல."

"நானும் புளிச்சோறு கொண்டாந்திருக்கேன், அக்கா. பசிக்குத்தான்" என்றார் அன்னம்மா.

இப்படியாக இரண்டு தாய்மாரும் மார்கழியின் மானத்தைக் காப்பாற்றினார்கள்.

அன்னம்மாவின் கைப்பையில் இன்னொன்றும் இருந்தது. ஒரு பொட்டலம் இஞ்சி மிட்டாய். கணவரின் உதடு துடிப்பதை வைத்தே அடுத்து வரப்போவது உண்மையா பொய்யா என்று கண்டுபிடிக்கிற வித்தை அவருக்குக் கைவந்திருந்தது. மணிக்கூண்டைப் பார்த்து மருதமுத்துவின் உதடு துடித்தது. அன்னம்மா ஒரு மிட்டாயை வாயில் திணித்தார். நீரூற்றைப் பார்த்துத் துடித்தது. இன்னொரு மிட்டாய். பழைய கோட்டையில் மிஞ்சி நிற்கும் ஒற்றை வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் மருதமுத்துவின் வாய் இஞ்சிக் கொல்லையாகிவிட்டது.

அந்த வாசலுக்கு முன்னால் மழையிலும் பச்சை மின்னும் பெரிய திடல். அதைத் தாண்டிச் சாலை, சாலையைத் தாண்டிக் கடைகள். அங்கேதான் மருதமுத்து மிட்டாயைக் கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு வாய் திறந்தார். நான் வாலிபனாக இருந்தபோது கடல் இந்தத் திடலோரம் வரைக்கும் இருந்தது, இங்கே உட்கார்ந்து அலையைப் பார்த்திருக்கிறேன் என்றார்.

காளியம்மா சுற்றிலும் பார்த்தார். கடைகள், பஸ், கார் நிறுத்துமிடம். கடலைக் காணவே காணோம். தேவமலர் மெல்ல அப்பாவின் பக்கம் திரும்பினாள். அவள் விரல்கள் தோளில் தொங்கிய பையின் வாரைப் பற்றின.

மருதமுத்துவுக்கு வியர்த்தது. வாழ்க்கையில் எத்தனையோ பொய்யை அவர் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லியிருக்கிறார். ஓர் உண்மையைச் சொல்லிவிட்டு இப்படி நடுங்கியது இதுதான் முதல் தடவை. சத்தியமாக, சாமி மேல் ஆணையாக, என்றெல்லாம் சொல்லப் பார்த்தார். சொல்லச் சொல்ல அது பெரிய பொய் மாதிரியே கேட்டது.

"ஆமா, அங்கிள் சொல்றது சரிதான்" என்றான் பாலகிருஷ்ணன், கோட்டைக் கல்லைத் தடவிக்கொண்டே. "கடல்ல மண்ணைக் கொட்டி நிலமாக்கிட்டாங்க. இந்த வாசலே கடலைப் பார்த்துக் கட்டினதுதான்."

தேவமலரின் விரல்கள் வாரை விட்டன. மருதமுத்து அந்தப் பையனை அப்படியே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மலாக்காவைச் சுற்றி வரத் தயாராக இருந்தார். வைத்துக்கொண்டால் மூட்டு போய்விடும் என்பதால் இன்னொரு மிட்டாயை அவரே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

படியேறிக் குன்றின் மேல் கூரையில்லாத பழைய தேவாலயத்துக்குப் போனார்கள். நாலு பக்கமும் தடித்த சுவர், மேலே நேராக வானம். சுவரோரம் ஆளுயரக் கல்லறைக் கற்கள், வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைகள் போல வரிசையாகச் சாய்ந்து நின்றன. ஜன்னல் இருந்த இடங்களில் வெறும் ஓட்டைகள். ஓர் ஓட்டையில் கடலும், ஒன்றில் மரமும், ஒன்றில் மழையும் தெரிந்தன.

தேவமலர் அந்த ஓட்டைகளில் ஒன்றின் முன்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு, யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்.

"எங்க ஃபேக்டரிக்கு ஜன்னலே கிடையாது. உள்ள போனா வெளிய மழையா வெயிலான்னு தெரியாது. வேலை முடிஞ்சு கதவைத் திறந்தாத்தான் அன்னைக்கு என்ன நாள்னே தெரியும்."

பாலகிருஷ்ணன் அன்றைக்கு முதன்முறையாகக் கட்டடத்தை விட்டுவிட்டு அவளைப் பார்த்தான். "நான் வரையறதெல்லாம் ஆபீஸ், ஸ்டோர், டாய்லெட்டுதான். ஒரு வீடு வரைஞ்சா ஜன்னல் எங்க வைக்கலாம்னு அப்பப்ப யோசிப்பேன். உங்களக் கேட்டா எங்க வைக்கச் சொல்வீங்க?"

"சமையல்கட்டுல. நின்னு வேலை செய்யறப்ப ரோடு தெரியணும்."

"சமையல்கட்டு கிழக்கப் பார்த்து இருக்கணும்" என்றார் காளியம்மா கல்லறை ஒன்றைப் படிப்பதுபோல் குனிந்துகொண்டு.

"பூ கட்டறவங்களுக்கு வெளிச்சமும் வேணுமே. முன்னால ஒரு அறை விட்டா நல்லது" என்றார் அன்னம்மா வானத்தைப் பார்த்து.

மருதமுத்துவுக்கு மெய் சிலிர்த்தது. கல்யாணம் என்ற சொல்லை ஒருவரும் சொல்லவில்லை. கட்டடத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் கூரையில்லாத அந்த நாலு சுவருக்குள் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. சமையல்கட்டு வந்துவிட்டது, ஜன்னல் வந்துவிட்டது, மாமியாருக்கு அறைகூட வந்துவிட்டது. தொட்டால் கலைந்துவிடும் என்று பயந்து அவர் மூச்சைக்கூடப் பாதிதான் விட்டார்.

மதியத்துக்கு மேல் பாலகிருஷ்ணனின் சாகா காரில் ஐந்து பேரும் நெருக்கியடித்து ஏறி ஆயர் குரோவுக்குப் போனார்கள். நாட்டிலுள்ள ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு மரவீட்டை அசல் அளவிலேயே கட்டி வைத்திருக்கும் பூங்கா அங்கே இருக்கிறது. மருதமுத்து லோரி ஓட்டிய காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் காடு. பூங்கா வந்தபின் அவர் ஒருநாளும் வந்ததில்லை. டிக்கெட் கொடுக்கும் பெண்ணிடம் வாசல் எந்தப் பக்கம் என்று மலாயில் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

உள்ளே போனதும் மழை பிடித்துக்கொண்டது. தூறலில்லை. மருதமுத்து பிற்பாடு சொன்ன கணக்குப்படி, ஒவ்வொரு துளியும் தேங்காய் அளவு. எருமைக் கொம்பு மாதிரி இரண்டு பக்கமும் வளைந்து நிமிர்ந்த கூரைக்கு அடியில் ஒதுங்கி நின்று புளிச்சோற்றைச் சாப்பிட்டார்கள். பாலகிருஷ்ணன் கையைக் கழுவிவிட்டு ஒவ்வொரு கூரையாகக் காட்டிச் சொன்னான். ஆணியில்லாமல் மரத்துக்குள் மரம் சொருகிக் கட்டியது, வெள்ளம் வந்தால் தண்ணீர் அடியில் ஓடட்டும் என்று காலில் நிறுத்தியது, காற்றுப் போகட்டும் என்று சுவரின் உச்சியில் பூவேலை செய்து துளையிட்டது.

அன்னம்மா ஒன்றைக் கேட்டார். "எல்லா வீடும் இருக்கு. நாங்க தோட்டத்துல இருந்த லயத்து வீடு மட்டும் காணோமே, தம்பி?"

காளியம்மா டவுனில் பிறந்தவர், பாலகிருஷ்ணனும் லயத்தில் இருந்ததில்லை. எப்படி இருக்கும் என்று கேட்டான்.

எல்லாரும் மருதமுத்துவைப் பார்த்தார்கள். அன்னம்மாவின் கை தானாக மிட்டாய்ப் பொட்டலத்தைத் தேடியது. ஆனால் அவர் உதடு துடிக்கவில்லை. நீளமாக ஒரே கூரை, அதற்குக் கீழே எட்டுக் குடும்பம் என்றார். எட்டுக் கதவும் ஒரே மாதிரி. இருட்டில் வரும்போது பக்கத்து வீட்டுக்குள் நுழைந்துவிடாமலிருக்க எண்ணிக்கொண்டே வரவேண்டும். நடுச்சுவர் ஆளுயரத்துக்கு மேல் போகாது. அதற்கு மேலே கூரை வரைக்கும் திறந்தே கிடக்கும். ஒரு வீட்டில் மீன் வறுத்தால் எட்டு வீடும் தும்மும். ஒரு வீட்டில் சண்டை போட்டால் எட்டு வீடும் தீர்ப்புச் சொல்லும்.

அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே அவருக்கு ஒன்று தோன்றியது. முன்னே ஒருநாளும் தோன்றாதது. சாப்பிட்டபின் பாயில் படுத்துத் தேவமலருக்குக் கதை சொல்வார். காலையில் லோரியில் நடந்த ஒன்றுமில்லாத விஷயம்தான். ஒரு குரங்கு குறுக்கே ஓடியது, டயர் பஞ்சரானது. ஆனால் சுவருக்கு மேலே ஏழு வீடு காது கொடுத்துக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டுச் சுப்பன் "அப்புறம் என்னாச்சு மருதமுத்து?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே கேட்பான். பால் வெட்டி முதுகு ஒடிந்து கிடக்கிற சனத்துக்கு ஒரு குரங்கு எப்படிப் போதும்? மறுநாள் அது இரண்டு குரங்காகும். அந்த வாரம் முடிவதற்குள் குரங்கு ஸ்டீரிங்கைப் பிடித்து லோரியை ஓட்டும். எட்டு வீடும் சிரிக்கும். லயத்தை விட்டுத் தமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்தபோது சுவர் கூரை வரைக்கும் இருந்தது. கேட்பதற்கு ஆளில்லை. அவர் மட்டும் அதே குரலில் பேசிக்கொண்டிருந்துவிட்டார்.

இதை அவர் சொல்லவில்லை. "அவ்வளவுதான் தம்பி, லயம்" என்று முடித்துக்கொண்டார். தேவமலர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை என்பது அவளுக்கும் தெரிந்தது.

மழை கொஞ்சம் தணிந்ததும் மலாக்கா மாநிலத்து வீட்டுக்கு ஓடினார்கள். முன்புறம் வளைந்து ஏறும் படிக்கட்டு, படிக்குப் படி பூப்போட்ட ஓடு. நம் வீட்டுக்குள் நுழைகிற மாதிரி எல்லாரும் செருப்பைக் கழற்றிக் கீழே விட்டார்கள். காளியம்மாவின் கண்ணாடி முழுக்க மழை. அதைக் கழற்றி முந்தானையில் சுற்றிக்கொண்டு முதல் ஆளாகப் படியேறி உள்ளே போனார். மற்றவர்கள் காலைத் துடைத்துக்கொண்டு பின்னால் வந்தார்கள்.

உள்ளே விளக்கு மங்கல். கூடத்தின் கோடியில் ஜரிகைத் துணி தொங்கும் மேடை. மேடையில் பட்டு உடுத்திய மணமகனும், தலை குனிந்தபடி மணமகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

காளியம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். அழைக்காமல் ஒரு மலாய்க் கல்யாண வீட்டுக்குள் நுழைந்துவிட்டோமே என்று அவருக்கு ஆகிவிட்டது. அவர்களுக்கு ஏது மார்கழி? ஆனால் நுழைந்தபின் திரும்பிப் போவது கல்யாண வீட்டுக்கு அவமரியாதை. வெறுங்கையோடு நிற்பதும் தப்பு. பூக்காரம்மாவுக்குக் கல்யாண மேடையின் முன்னால் எப்படி நடந்துகொள்வது என்று யாரும் சொல்லித்தர வேண்டுமா? பையிலிருந்து நல்லதாக ஓர் ஆரஞ்சைப் பொறுக்கி எடுத்தார். மேடைக்கு நடந்தார்.

"அழைக்காம வந்துட்டோம், மனசுல வச்சுக்காதம்மா. மழைக்கு ஒதுங்கினோம். நல்லா இருக்கணும் ரெண்டு பேரும்" என்று தமிழிலேயே வாழ்த்திவிட்டு, மணமகளின் மடியில் பழத்தை வைத்தார். வைத்தவர் அவள் தலையைப் பார்த்தார். "பூ வாடாம நல்லா வச்சிருக்காங்களே. எங்க வாங்கினதும்மா?"

மணமகள் பதில் சொல்லவில்லை. ஆரஞ்சு அவள் மடியிலிருந்து நழுவியது. பலகைத் தரையில் டொக்கென்று விழுந்து, உருண்டு, இவர்கள் நாலு பேரின் காலுக்கிடையே புகுந்து வாசலைத் தாண்டிப் படிக்கட்டில் இறங்கியது. டொக். டொக். டொக். அந்தச் சத்தம் நிற்கும்வரை யாரும் அசையவில்லை.

காளியம்மா மெதுவாகக் கையை நீட்டி மணமகளின் தலைப்பூவைத் தொட்டார். காகிதம். விரலை மணமகளின் கன்னத்துக்குக் கொண்டுபோனார். பிளாஸ்டர்.

அவர் திரும்பவில்லை. முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகு சிறுத்துக்கொண்டே போவதை மருதமுத்து பார்த்தார். மார்கழியில் கல்யாணம் என்ற வார்த்தையே வரக்கூடாது என்றவர், கல்யாண மேடைக்கே போய் வாழ்த்திவிட்டார். ஆயுசு முழுக்கப் பூ கட்டியவர், காகிதப் பூவைப் பார்த்து எங்கே வாங்கியது என்று கேட்டுவிட்டார். அதுவும் மகனுக்குப் பார்க்க வந்த பெண்ணின் கண் முன்னால். அன்னம்மா சிரிப்பை அடக்கச் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் நிற்கக் குலுங்கினார். பாலகிருஷ்ணன் அம்மாவிடம் போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் ஒரு தூணைப் பிடித்திருந்தான்.

தலைகுனிந்து போகிறவர்கள் திரும்பி வருவதில்லை என்பது மருதமுத்துவுக்குத் தெரியும். தன் வீட்டு வாசலில் அவர் பார்த்திருக்கிறார். அவர் மகளைப் பார்த்தார். மகள் அவரைப் பார்த்தாள். வேண்டாம் என்று அவள் கண் சொன்னது. பஸ் நிற்குமிடம் பூங்கா வாசலிலேயே இருந்தது.

அவர் உதடு துடித்தது. அன்னம்மாவின் கையில் மிட்டாய் இல்லை.

"நீங்க பரவால்லம்மா, வாழ்த்திட்டு விட்டுட்டீங்க" என்றார் மருதமுத்து, கூடத்தின் நடுவுக்கு வந்து. "போன வருஷம் நான் வந்தப்ப அந்த மாப்பிள்ளைப் பையன்கிட்ட டாய்லெட் எங்கன்னு கேட்டேன். பதிலே இல்ல. மறுபடி கேட்டேன். மூஞ்சியத் திருப்பக்கூட இல்ல. சரி, புது மாப்பிள்ளை, திமிரு இருக்கும்னு பொறுமையாக் குடும்பம் எது, வேலை எங்கன்னு விசாரிச்சேன். ஒண்ணுக்கும் வாய் திறக்கல. எனக்குக் கோபம் வந்துருச்சு. பெரியவங்க கேட்டா பதில் சொல்லத் தெரியாதா, உங்கப்பன் யாருடான்னு சத்தம் போட்டேன். அப்பவும் இல்ல. சரின்னு வாசல்ல நின்ன காவல்காரன்கிட்டப் போய்ப் புகார் சொன்னேன், பாருங்க. இவன் இப்படி மரியாதை இல்லாம இருக்கான், கூப்பிட்டு விசாரின்னு கால் மணி நேரம் சொன்னேன்." ஒரு மூச்சு வாங்கிக்கொண்டார். "அவனும் பொம்மை."

காளியம்மாவின் முதுகு அசைந்தது. முதலில் அழுகிறார் என்றே நினைத்தார்கள். பிறகு சத்தம் வந்தது. அவர் மேடையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்னம்மா அதற்குமேல் தாங்காமல் தலைப்பை விட்டுவிட்டார். பாலகிருஷ்ணன் தூணில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கினான். இரண்டு பொம்மைகளையும் தவிர அந்தக் கூடத்தில் சிரிக்காமலிருந்தது தேவமலர் ஒருத்திதான்.

அவள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். பையின் வாரைத் தோளில் சரியாக ஏற்றிக்கொண்டாள்.

"அப்பா இதுக்கு முன்னாடி இங்க வந்ததே இல்ல, அத்தை" என்றாள்.

காலையிலிருந்து அவள் காளியம்மாவை ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். காளியம்மா கண்ணாடியை முந்தானையிலிருந்து எடுத்து, துடைத்து, போட்டுக்கொண்டு, முதலில் மகளை, பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"தெரியும்மா. வாசல் எந்தப் பக்கம்னு டிக்கெட் பொண்ணுகிட்ட அண்ணன்தானே கேட்டாரு." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஜெயாவும் சொல்லித்தான் அனுப்புனா, அவரு வாயில வர்றதுல பாதியக் கழிச்சுக்குங்கன்னு. எனக்காக ஒருத்தர் இவ்வளவு சிரமப்பட்டுப் பொய் சொல்லி எத்தனையோ வருஷமாச்சு. நான் எதையும் கழிக்கல."

பிறகு ஆரஞ்சுப் பையைத் தேவமலரின் கையில் கொடுத்தார். கொடுத்த வேகத்திலேயே ஒரு விரலை உயர்த்தினார்.

"இது தட்டு இல்ல. வெறும் ஆரஞ்சு. கை வலிக்குதுன்னு தர்றேன். மத்தத தை மாசம் பேசிக்குவோம்."

"சரி, அத்தை" என்றாள் அவள்.

படியிறங்கும்போது பாலகிருஷ்ணன் கடைசிப் படியின் கீழே புல்லில் கிடந்த அந்த ஆரஞ்சை எடுத்துத் துடைத்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். மருதமுத்து பார்த்தார். பார்க்காத மாதிரி செருப்பைத் தேடினார்.

செங்குக்குத் திரும்பும் பஸ்ஸில் அன்னம்மா உட்கார்ந்ததுமே தூங்கிவிட்டார். தேவமலர் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஓர் ஆரஞ்சை உரித்தாள். சுளையை அவர் கையில் வைத்தாள். ஜன்னலில் மழைத்தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

திட்டப்போகிறாள் என்று மருதமுத்து காத்திருந்தார். சொன்ன சொல்லை மீறியாகிவிட்டது. என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வது என்று முடிவுகட்டி, சுளையை வாயில் போடாமல் உள்ளங்கையிலேயே வைத்திருந்தார்.

"அந்தக் காவல்காரன்" என்றாள் அவள், ஜன்னலைப் பார்த்தபடி.

"ம்."

"அவனும் பொம்மைன்னு தெரிஞ்சப்புறம் என்னாச்சுப்பா?"

மருதமுத்து மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் இன்னும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கம்பளிச் சட்டையின் கழுத்தைத் தளர்த்திக்கொண்டு, சுளையை வாயில் போட்டுக்கொண்டு, முன்சீட்டுக்காரருக்கும் கேட்கட்டும் என்று குரலைக் கொஞ்சம் உயர்த்தினார்.